பெரிய தொகையை முழுக்கச் சில்லறையாகவே கொடுத்துப் பொருள் வாங்கலாமா?

உண்டியல்காரன்:

பல வருடங்களாகச் சில்லறை சேர்த்து வருகிறேன். கைக்கு வரும் காசை அன்றன்றைக்கே பெட்டியில் போட்டுவிடுவேன். இப்போது ஒரு இருசக்கர வண்டி வாங்கும் அளவுக்குச் சேர்ந்துவிட்டது. நோட்டாக மாற்றாமல், சேர்த்த காசையே கொண்டுபோய்க் கொட்டி வண்டியை எடுக்க வேண்டும் என்று ஆசை. வீடியோ எடுக்கப் போவதில்லை, யாருக்கும் காட்டப் போவதும் இல்லை. ஏதோ ஒன்றை வாங்காமல் விட்டதால்தான் ஒவ்வொரு காசும் மிஞ்சியது. அந்தக் காசே போய் வண்டியாக வர வேண்டும் என்று மனதில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கடைக்காரர் மறுக்க முடியுமா? சட்டம் என்ன சொல்கிறது? இப்படி வாங்கியவர்கள், இப்படிக் கொண்டுவந்த காசை வாங்கிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இங்கே பல நாட்டு உறுப்பினர்கள் இருப்பதால் நாட்டின் பெயரோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

நேர்வழி:

மறுக்கவே முடியாது. அரசு அடித்த காசு. வாங்க மாட்டேன் என்று சொல்வதே குற்றம். தைரியமாகக் கொண்டு போங்கள்.

சட்டமேசை:

நேர்வழி நண்பரே, இதை நம்பி அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. அரசு அடித்த காசுதான். ஆனால் எத்தனை காசு கொடுத்தாலும் எதிரில் இருப்பவர் வாங்கியே தீர வேண்டும் என்று பெரும்பாலான நாடுகளில் சட்டம் கிடையாது. நோட்டுக்கு வரம்பு வைக்காத சட்டங்களே நாணயத்துக்கு வரம்பு வைத்திருக்கின்றன.

இந்தியாவில் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்கள் 1000 ரூபாய் வரைக்கும்தான் சட்டப்படி செல்லும். 50 காசு என்றால் 10 ரூபாய் வரை. யூரோ நாடுகளில் 1998ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஒன்று இருக்கிறது. ஒரு தடவைக்கு 50 நாணயத்துக்கு மேல் வாங்கிக்கொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஜப்பானில் ஒவ்வொரு வகை நாணயத்திலும் 20. ஆஸ்திரேலியாவில் 5 சென்ட் முதல் 50 சென்ட் வரை உள்ளவை மொத்தம் 5 டாலர் வரைதான். கனடாவில் 5 சென்ட் நாணயங்களுக்கு 5 டாலர், 2 டாலர் நாணயங்களுக்கு 40 டாலர். பிரிட்டனில் 1 பென்னியும் 2 பென்னியும் வெறும் 20 பென்னி வரைக்கும்தான். ஆனால் 1 பவுண்டு, 2 பவுண்டு நாணயங்களுக்கு வரம்பே இல்லை.

அமெரிக்கா இதில் தனி. அங்கே எல்லா நாணயமும் எந்தத் தொகைக்கும் சட்டப்படி செல்லும். அப்படியிருந்தும், தனியார் கடை அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கூட்டரசுச் சட்டம் எதுவும் இல்லை.

இதற்குக் காரணம் ஒன்றுதான், அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். இந்தச் சட்டங்கள் எல்லாம் கடனைத் தீர்ப்பதைப் பற்றியவை. நீங்கள் எனக்கு ஏற்கெனவே பணம் தர வேண்டியிருக்கிறது, சட்டப்படி செல்லும் பணத்தை முழுசாக நீட்டுகிறீர்கள், நான் வாங்க மறுக்கிறேன் என்றால், பிறகு பணம் தரவில்லை என்று உங்கள் மேல் வழக்குப் போட்டு என்னால் ஜெயிக்க முடியாது. ஆனால் வண்டிக் கடையில் போய் நிற்கும்போது உங்களுக்கும் கடைக்காரருக்கும் இடையே இன்னும் கடனே பிறக்கவில்லை. விற்பதா வேண்டாமா என்பதே அவர் விருப்பம். எப்படிப் பணம் தர வேண்டும் என்று அவர் நிபந்தனை போடலாம். பழுது பார்த்து முடித்த வேலைக்கான கூலி, சாப்பிட்டு முடித்த சாப்பாட்டுக்கான பில் என்றால் நிலைமை வேறு, அங்கே கடன் வந்துவிட்டது.

நேர்வழி:

சரி, ஆனால் அரசே ஒரு காசை அடித்துவிட்டு, இதற்கு மேல் கொடுத்தால் வாங்க வேண்டாம் என்று அதே அரசே சொல்வது என்ன நியாயம்?

பழங்காசு:

இந்த வரம்பு இன்று நேற்று வந்ததில்லை. பிரிட்டனில் 1816ஆம் ஆண்டு நாணயச் சட்டம் வந்தபோது தங்கம்தான் அடிப்படைப் பணம் ஆனது. வெள்ளி நாணயத்தை அதில் உள்ள வெள்ளியின் விலையைவிடக் கூடுதல் மதிப்புப் பொறித்து அடித்தார்கள். அதனால் 40 ஷில்லிங்குக்கு மேல் வெள்ளியில் வாங்கிக்கொள்ள யாரையும் வற்புறுத்த முடியாது என்று அதே சட்டத்தில் எழுதினார்கள். இல்லையென்றால் பெரிய கடன்காரர்கள் எல்லோரும் மலிவான உலோகத்தைக் கொட்டித் தங்கக் கடனை அடைத்திருப்பார்கள்.

இப்போது தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. மிச்சம் இருப்பது எண்ணும் சிரமம் மட்டும். சட்டம் இன்று காப்பாற்றுவது வாங்குபவரின் நேரத்தை. என்னைக் கேட்டால் அது நியாயமான வரம்பு. சின்னக் காசு சின்ன வேலைக்காகவே அடிக்கப்பட்டது. மீதி கொடுக்க, விலையின் வாலைச் சரிசெய்ய.

கல்லாப்பெட்டி:

உண்டியல்காரன் அண்ணா, நான் ஒரு பெரிய வீட்டுப்பொருள் கடையில் கேஷியர். நீங்கள் கேட்ட "வாங்கிக்கொண்டவர்கள்" பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

காசு மூட்டை வந்தால் முதலாளி எண்ணுவதில்லை. மேலாளரும் எண்ணுவதில்லை. வந்து பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். எண்ணுவது நாங்கள். அதுவும் வழக்கமான வேலையோடு சேர்த்து. பின்னால் நிற்கும் வரிசை எங்களைத்தான் திட்டும். நாள் முடிவில் கல்லாவில் குறைந்தால் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சம்பளத்தில் பிடிக்கும் கடைகளும் இருக்கின்றன. பத்துப் பத்தாக அடுக்கி வரிசை வைத்து எண்ணுவோம். பாதியில் யாராவது ஏதாவது கேட்டால் அந்த வரிசை போச்சு. கொஞ்ச நேரத்தில் விரல் நுனி கறுத்துவிடும், அந்த உலோக வாடை சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. எதிரில் வாடிக்கையாளர் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பயம் அவருக்கு, தப்பில்லை. ஆனால் அப்படிப் பார்க்கப்படுவது எனக்கு வலிக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வெளியே இருப்பவர்களுக்கு அது தெரியாது. நீங்கள் வீட்டில் எண்ணியது ஒரு கணக்கு, நான் எண்ணியது ஒரு கணக்கு. ஏழு காசு வித்தியாசம் வருகிறது. யார் தப்பு? மொத்தமாகக் கொட்டிய குவியல் என்றால் அந்த ஏழு காசுக்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ண வேண்டும். இரண்டாவது முறையும் வேறு எண் வரும்.

ஒருமுறை ஒருவர் முன்கூட்டியே போன் செய்து, காசாகக் கொண்டு வரலாமா என்று கேட்டார். எந்த நாள், எந்த நேரம் கூட்டம் குறைவு என்றும் கேட்டுக்கொண்டார். வகை வகையாகப் பிரித்து, பைக்கு நூறு காசு வீதம் கட்டி, ஒவ்வொரு பையிலும் சீட்டு வைத்திருந்தார். நாங்கள் பை பையாக எண்ணினோம். ஒரு பையில் ஒன்று குறைந்தது. அந்தப் பையை மட்டும் திரும்ப எண்ணினோம், அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து வைத்தார், முடிந்தது. அன்றைக்கு எங்கள் எல்லோருக்குமே மகிழ்ச்சியாக இருந்தது. அவர் வாங்கிக்கொண்டு போன குளிர்சாதனப் பெட்டியைத் தள்ளிவிட நான்கு பேர் ஓடினோம்.

இன்னொருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, ஐந்தாறு வகைக் காசும் கலந்து, பிசுக்குப் பிடித்த மூட்டையைக் கவுண்டரில் கொட்டினார். "எண்ணிக்கோ, அதுக்குத்தானே சம்பளம்" என்றார். இரண்டு பேரும் கொடுத்தது காசுதான். அண்ணா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதில் இருக்கிறது.

நிலாமுற்றம்:

கல்லாப்பெட்டி, இதைப் படித்ததும் மனது கனத்துவிட்டது. எண்ணும் இயந்திரம் இருக்குமே, அதில் போட முடியாதா?

கல்லாப்பெட்டி:

நோட்டு எண்ணும் இயந்திரம் எல்லாக் கடையிலும் இருக்கும். நாணயம் எண்ணுவது பெரும்பாலும் இருக்காது. இருக்கும் இடத்திலும் வளைந்த காசு, ஒட்டும் நாடாத் துண்டு, நடுவில் வந்துவிடும் வெளிநாட்டுக் காசு, பொத்தான் எல்லாம் போய்ச் சிக்கிக்கொள்ளும். திறந்து எடுத்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

எடைக்கல்:

எண்ணுவதைப் பற்றிப் பேசுகிறோம், எடையை யாரும் பேசவில்லை. உண்டியல்காரன் நண்பரே, பெட்டியைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா?

யூரோ நாணயங்களின் எடை எனக்கு மனப்பாடம், அதை வைத்துக் கணக்குப் போடுகிறேன். 10,000 யூரோவுக்கு ஒரு பொருள் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2 யூரோ நாணயம் 8.5 கிராம். 5,000 நாணயம் வேண்டும், 42.5 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடலாம். 1 யூரோவாக என்றால் 75 கிலோ. 50 சென்ட்டாக 156 கிலோ. 10 சென்ட் நாணயம் 4.1 கிராம்தான், ஆனால் ஒரு லட்சம் வேண்டும், 410 கிலோ ஆகிவிடும். 1 சென்ட் காசாக என்றால் பத்து லட்சம் காசு, 2,300 கிலோ. அதை எடுத்துப் போகச் சரக்கு வண்டி வேண்டும், வைக்கும் தரை தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஒரு நொடிக்கு ஒரு காசு என்று நிற்காமல் எண்ணினால்கூட 277 மணி நேரத்துக்கு மேல். ஒருவர் தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதம் தாண்டும்.

ஆக "சில்லறையாகக் கொடுப்பது" என்று பொதுவாகப் பேசுவதில் பொருளே இல்லை. எந்தக் காசு என்று முதலில் சொல்லுங்கள். பெரிய மதிப்புள்ள நாணயம் என்றால் அது ஒரு பிற்பகல் வேலை. மிகச் சிறிய காசு என்றால் அது ஒரு கட்டுமான வேலை அளவுக்குப் போய்விடும்.

நிலாமுற்றம்:

எடை இவ்வளவு துல்லியமாக இருந்தால், எண்ணாமல் எடை போட்டே வாங்கலாமே?

எடைக்கல்:

நல்ல கேள்வி. வங்கிகள் அப்படித்தான் செய்கின்றன, தராசில் பையை வைத்துச் சரிபார்ப்பது பழைய முறை. சில நாடுகளில் இதற்கென்றே எடையை அமைத்திருக்கிறார்கள் என்று தோன்றும் அளவுக்குப் பொருத்தம் இருக்கும். பிரிட்டனில் 1 பென்னி 3.56 கிராம், 2 பென்னி 7.12 கிராம், சரியாக இரண்டு மடங்கு. அதனால் இரண்டும் கலந்த பையாக இருந்தாலும் எடையை வைத்தே மதிப்பைச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் 10 சென்ட், 25 சென்ட், 50 சென்ட் மூன்றும் அப்படி. எப்படிக் கலந்தாலும் ஒரு டாலருக்கு 22.68 கிராம். வெள்ளியில் அடித்த காலத்தில் மதிப்புக்கு ஏற்ப வெள்ளி வைத்தார்கள், அந்த விகிதம் அப்படியே தங்கிவிட்டது. யூரோவில் இந்த வசதி இல்லை. 1 சென்ட் 2.3 கிராம், 2 சென்ட் 3.06 கிராம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒரே மதிப்புள்ள காசே காலத்துக்குக் காலம் எடை மாறும். அமெரிக்க 1 சென்ட் 1982 வரை 3.11 கிராம், அந்த ஆண்டிலேயே உலோகத்தை மாற்றியதால் அதற்குப் பிறகு வந்தது 2.5 கிராம். இந்திய ஒரு ரூபாயும் 2011 வரிசையில் 3.79 கிராம், 2019 வரிசையில் 3.09 கிராம். பல வருடம் சேர்த்த பெட்டியில் பழசும் புதுசும் கலந்துதான் கிடக்கும். வரிசைவாரியாகப் பிரிக்காமல் தராசை நம்பினால் கணக்கு உதைக்கும்.

உண்டியல்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கல்லாப்பெட்டி தங்கச்சி எழுதியதை இரண்டு முறை படித்தேன். என்னிடம் இருப்பவை பெரும்பாலும் பெரிய மதிப்புள்ள நாணயங்கள்தான், அதனால் எடை சமாளிக்கலாம். பிரித்துக் கட்டும் வேலையை இன்றைக்கே தொடங்குகிறேன்.

தீப்பொறி:

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். வண்டி வாங்க வேண்டாம், விடுங்கள். நியாயமில்லாத அபராதம், அலைக்கழித்த அலுவலகம், இவற்றுக்குச் சில்லறையாகக் கட்டுவதுதான் சாமானியனுக்கு இருக்கும் ஒரே எதிர்ப்பு. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் லெபனான் என்ற ஊரில் ஒருவர் வாகன வரியை 2,98,745 ஒரு சென்ட் காசாக ஐந்து தள்ளுவண்டிகளில் கொண்டுபோய்க் கொட்டினார். அலுவலகத்தின் நேரடித் தொலைபேசி எண்ணைத் தராமல் அலையவிட்டார்கள் என்ற கோபம். உலகம் முழுக்கச் செய்தி ஆயிற்று. அவர் எழுதிப்போட்ட மனுவை யார் படித்திருப்பார்கள்?

கல்லாப்பெட்டி:

தீப்பொறி, அந்தச் செய்தியை முழுசாகப் படித்தீர்களா? இயந்திரம் திணறி நின்றுவிட்டது. அங்கே இருந்த ஊழியர்கள் கையால் எண்ணினார்கள். முடிக்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. தொலைபேசி எண்ணைத் தரக் கூடாது என்று முடிவெடுத்தவர் அந்த மேசையில் உட்கார்ந்து எண்ணியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? உங்கள் கோபம் நியாயமாகவே இருக்கலாம். அது போய்ச் சேரும் இடம் எங்கள் முதுகு.

தீப்பொறி:

அது எனக்கும் புரிகிறது. ஆனால் கீழே இருப்பவர் கஷ்டப்படுவார் என்று சொல்லியே எல்லா எதிர்ப்பையும் நிறுத்திவிடலாம். வேலைநிறுத்தத்திலும் யாரோ ஒருவர் கஷ்டப்படுகிறார்.

சட்டமேசை:

வேலைநிறுத்தத்தில் முதலாளியின் வருமானம் நிற்கிறது. சில்லறை கொட்டுவதில் அலுவலகத்துக்கு வரவேண்டிய தொகை முழுசாக வந்துவிடுகிறது. வித்தியாசம் அங்கே இருக்கிறது.

இதே ஆயுதம் மேலிருந்து கீழேயும் வரும் என்பதையும் மறக்காதீர்கள். 2021 மார்ச்சில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு வாகனப் பழுதுபார்க்கும் கடை, வேலையை விட்டுப் போன தொழிலாளிக்குத் தர வேண்டிய கடைசிச் சம்பளம் 915 டாலரை, எண்ணெய்ப் பிசுக்கோடு 91,515 ஒரு சென்ட் காசாக அவர் வீட்டு வாசலில் கொட்டிவிட்டுப் போனது. இருநூறு கிலோவுக்கு மேல் எடை. சம்பளம் வரவில்லை என்று அவர் தொழிலாளர் துறைக்குப் புகார் கொடுத்ததற்குப் பழிவாங்கல் அது. துறை வழக்குப் போட்டது. 2023இல் அந்தக் கடை ஒன்பது தொழிலாளர்களுக்கு, சம்பளப் பாக்கியும் இழப்பீடும் சேர்த்து, ஏறத்தாழ 40,000 டாலர் கொடுக்கும்படி ஆயிற்று. கொடுத்த தொகை எண்ணிக்கையில் சரியாக இருந்தது. அவமானப்படுத்தும் நோக்கம் அதில் இருந்ததை அதிகாரிகள் பார்த்தார்கள்.

தீப்பொறி:

இந்தச் சம்பவம் எனக்குத் தெரியாது. கொடுமை. யோசிக்கிறேன்.

சலவைக்கூடம்:

இங்கே எல்லோரும் ஆசைக்குக் கொடுப்பவரையும் கோபத்தில் கொடுப்பவரையும் பற்றியே பேசுகிறீர்கள். வேறு வழியில்லாமல் கொடுப்பவர்கள் இருக்கிறோம்.

நான் காசு போட்டால் ஓடும் சலவை இயந்திரங்கள் வைத்திருக்கிறேன். என் வருமானமே நாணயம்தான். தெருவில் பாடுபவர், சின்ன வண்டியில் விற்பவர், கழிப்பறை வாசலில் உட்கார்ந்து கட்டணம் வாங்குபவர், எங்கள் எல்லோருக்கும் இதே கதை. வாடிக்கையாளர் காசாகத் தருவார், நாங்கள் வாங்கித்தான் ஆக வேண்டும். அதையே நாங்கள் கொண்டுபோனால் கடையில் முகம் சுளிப்பார்கள், வங்கியில் நாளைக்கு வா என்பார்கள், மாற்றித் தரும் இயந்திரத்தில் போட்டால் ஒரு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொள்வார்கள். நூறு ரூபாய் நோட்டில் வந்தால் நூறு. அதே நூறு காசாக வந்தால் நூற்றுக்குக் குறைவு. ஏழையிடம் போகும்போது மட்டும் பணம் தேய்கிறது.

புது இயந்திரம் வாங்கப் போனபோது பாதித் தொகையைக் காசாகத் தருகிறேன் என்றேன். விற்பனையாளர் சிரித்துவிட்டு, "உண்டியலை உடைச்சீங்களா" என்று கேட்டார். அவர் விற்கும் இயந்திரமே காசு வாங்கும் இயந்திரம். அதில் விழும் காசு அவருக்கு ஆகாதாம். வேறு விற்பனையாளரிடம் போனேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் எண்ணி வாங்கிக்கொண்டார். அவரிடம்தான் இன்றுவரை வாங்குகிறேன்.

கேஷியர் தங்கையின் கஷ்டம் முழுக்கப் புரிகிறது. நானும் தினம் எண்ணுகிறவன்தான். ஆனால் காசைப் பார்த்ததும் ஆளை எடை போடுவதை நிறுத்துங்கள் என்று கடைக்காரர்களைக் கேட்கிறேன்.

கல்லாப்பெட்டி:

சலவைக்கூடம் அண்ணா, உங்களைப் போல வகை பிரித்து எண்ணிக் கொண்டு வருபவரை நாங்கள் ஒருபோதும் திட்டியதில்லை. சிரித்த அந்த ஆள் சிரித்திருக்கக் கூடாது.

வங்கிவாசல்:

வங்கிப் பக்கத்திலிருந்து நான். "நாளைக்கு வா" என்று சொல்வது தவறு, அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் வங்கியிலும் இது செலவுதான். ஜப்பானின் அஞ்சலக வங்கி 2022 ஜனவரியிலிருந்து அதிக எண்ணிக்கையில் நாணயம் கட்டுவதற்குக் கட்டணம் வைத்தது. அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கி, வாடிக்கையாளர்களுக்காக வைத்திருந்த எண்ணும் இயந்திரங்கள் குறைவாக எண்ணுகின்றன என்று செய்தி வந்த பிறகு 2016இல் எல்லாக் கிளைகளிலிருந்தும் அவற்றை எடுத்துவிட்டது. ஆக இயந்திரமே சொன்னாலும் உங்கள் கணக்கு உங்களிடம் இருக்க வேண்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. காசின் எண்ணிக்கையைவிட அதன் நிலைதான் பெரிய விஷயம். இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2015இல் அமெரிக்காவின் லூயிசியானாவில் ரஸ்டன் ஊரில் ஒருவர் 45 வருடமாகச் சேர்த்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஒரு சென்ட் காசுகளைப் பெரிய தண்ணீர்க் கேன்களில் வங்கிக்குக் கொண்டுவந்தார். 5,136 டாலர். வங்கி இயந்திரத்தில் போட்டு ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் எண்ணி முடித்தது. 2017இல் ஜெர்மனியில் செய்தியான இன்னொன்று: ஒரு லாரி ஓட்டுநர் குடும்பம் முப்பது வருடமாகச் சேர்த்த 1, 2 பெனிக் காசுகள் (யூரோவுக்கு முன்பு அங்கே இருந்த மார்க் பணத்தின் சில்லறை), சுமார் 12 லட்சம், இரண்டரை டன். ஓல்டன்பர்க்கில் மத்திய வங்கிக் கிளையில் கொடுத்தார்கள். துருப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால் இயந்திரம் எடுக்கவில்லை. ஒரே ஊழியர், வழக்கமான வேலைகளுக்கு நடுவில், ஆறு மாதம் கையால் எண்ணினார். மதிப்பு சுமார் 8,000 யூரோ.

இரண்டு மடங்கு சொச்சம் காசு. ஐந்து மணி நேரம் எங்கே, ஆறு மாதம் எங்கே. உண்டியல்காரன் நண்பரே, உங்கள் பெட்டி ஈரமில்லாத இடத்தில் இருக்கிறதா? அதை முதலில் பாருங்கள்.

நேர்வழி:

வங்கியில் கட்டிவிட்டு வங்கி மூலமே வண்டிக்குப் பணம் அனுப்பினால் எல்லாத் தலைவலியும் தீர்ந்ததே. ஏன் இத்தனை பேச்சு?

உண்டியல்காரன்:

தீரும். ஆனால் கடைக்காரர் மனப்பூர்வமாகச் சம்மதித்தால் கையால் கொடுக்கத்தான் எனக்கு விருப்பம். சம்மதிக்கவில்லை என்றால் வங்கிக்குத்தான் போவேன். யாரையும் வற்புறுத்தப் போவதில்லை.

சட்டமேசை:

இன்னொரு சட்டப் புள்ளி விட்டுப்போயிற்று. நாணயமும் ரொக்கம்தான். பெரிய ரொக்கத்துக்கு இப்போது பல நாடுகளில் கட்டுப்பாடு இருக்கிறது. ஸ்பெயினில் வணிகத்தோடு நடக்கும் கொடுக்கல் வாங்கலில் 1,000 யூரோவும் அதற்கு மேலும் ரொக்கமாகத் தர முடியாது. இத்தாலியில் 2023 முதல் 5,000 யூரோ. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் 2027 ஜூலையிலிருந்து 10,000 யூரோ என்ற உச்சவரம்பு வருகிறது. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. தண்டம் வாங்குபவர் தலையில், அதாவது கடைக்காரர் தலையில் விழும். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் வாங்கும் வணிகம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதில் நாணயமும் அடக்கம். கடைக்காரர் தயங்கினால் உங்கள் மேல் உள்ள அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இது காரணமாக இருக்கலாம்.

பழங்காசு:

ஒரு மாற்றுக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன், உண்டியல்காரன் கோபப்படக் கூடாது. காசு பெட்டியில் தூங்குவதற்காக அடிக்கப்படவில்லை. 2020இல் பெருந்தொற்றின்போது அமெரிக்காவில் கடைகளில் சில்லறைக்குத் திண்டாட்டம் வந்தது. நாட்டில் காசு இல்லாமல் இல்லை, வீடுகளிலும் மூடிய கடைகளிலும் முடங்கிவிட்டது. மத்திய வங்கியே அந்த ஜூனில் வங்கிகளுக்கு அளந்து கொடுக்க வேண்டி வந்தது. முடங்கும் காசுக்குப் பதிலாகப் புதுக் காசு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அடிக்கும் செலவு சில சமயம் காசின் மதிப்பையே தாண்டிவிடும். கனடா 2012இல் தன் 1 சென்ட் காசு அடிப்பதை நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வருடத்துக்கு ஒருமுறை பெட்டியைக் காலி செய்து வங்கியில் போட்டுக்கொண்டே வந்தால் வட்டியும் கிடைத்திருக்கும், காசும் ஊரைச் சுற்றி வந்திருக்கும்.

உண்டியல்காரன்:

கோபம் இல்லை ஐயா. வட்டிக் கணக்கு சரிதான். ஆனால் கண்ணுக்கு முன்னால் பெட்டி நிறைவதைப் பார்க்காமல் என்னால் சேமித்திருக்க முடியாது. வங்கிக் கணக்கில் போட்டதை எல்லாம் நான் எடுத்துச் செலவழித்துவிடுகிற ஆள். இனிமேல் வருடா வருடம் மாற்றிவிடுகிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. அடியில் பழைய வகைக் காசுகளும், வெளிநாட்டிலிருந்து வந்தபோது போட்ட காசுகளும் இருக்கின்றன. இவற்றை என்ன செய்வது?

வங்கிவாசல்:

அவற்றைக் கடைக்குக் கொண்டுபோகும் பைகளில் ஒன்றுகூடச் சேர்க்காதீர்கள். ஒரு செல்லாத காசு கண்ணில் பட்டால், எண்ணுபவருக்கு மற்ற பைகளின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

பழையவற்றில் எது இன்னும் மாறும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியின் பழைய மார்க், பெனிக் காசுகளை அங்கே மத்திய வங்கி கால வரம்பில்லாமல் மாற்றித் தருகிறது, 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ என்ற பழைய விகிதத்திலேயே. பிரிட்டனின் பழைய வட்ட 1 பவுண்டு நாணயம் 2017 அக்டோபர் 15க்குப் பிறகு கடையில் செல்லாது. இந்தியாவில் 25 காசும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30ஓடு முடிந்தன. செல்லும் காசுதான், ஆனால் தேய்ந்தோ வளைந்தோ இருக்கிறது என்றால் அதை வங்கியில் தனியாகக் கொடுங்கள், கடைக்கு வேண்டாம்.

கல்லாப்பெட்டி:

இதோடு சில விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. பையை ஒட்டு நாடாவால் சுற்றாதீர்கள், பசை காசில் ஒட்டும். நூலால் கட்டுங்கள். உள்ளே என்ன நிறைந்திருக்கிறது என்று தெரிகிற மாதிரிப் பை நல்லது. சீட்டில் காசின் மதிப்பு, எண்ணிக்கை இரண்டையும் எழுதுங்கள். எண்ணும்போது ஏதாவது பையில் குறைந்தால் யார் பொறுப்பு என்பதைத் தொடங்குவதற்கு முன்பே மேலாளரிடம் பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கேஷியர் தலையில் அது விழாமல் இருக்கும். மாதத்தின் முதல் வாரமும் விடுமுறைக்கு முந்தின நாளும் வேண்டாம். காலையில் கடை திறந்ததும் போங்கள். எண்ணுகிறவரோடு நீங்களும் உட்கார்ந்து அடுக்கிக் கொடுங்கள்.

உண்டியல்காரன்:

எழுதி வைத்துக்கொண்டேன் தங்கச்சி. நாளைக்குக் கடைக்குப் போன் செய்கிறேன். முதலில் கல்லாவில் இருப்பவரிடம் பேசிவிட்டு, அப்புறம்தான் மேலாளரிடம்.